அடித்தவளே ஓடவேண்டும்

லோஜினிக்கு அடிக்கத் தெரியும்; ஓடத்தான் தெரியாது. சல்லிக் கடற்கரையில் இதை அறியாத பிள்ளைகள் இல்லை. வள்ளங்களுக்கும் மீன் காயப்போடும் பாய்களுக்கும் நடுவே கிடந்த வெளியில் அவர்கள் எல்லே விளையாடுவார்கள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, மூன்று தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். அடித்த பந்தை எதிரணி ஏந்திப் பிடித்தாலும், ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டாலும் ஆட்டம் போயிற்று. இடையில் ஒரு தரிப்பிடத்தில் நின்றுகொண்டால், அடுத்தவர் அடிக்கும்வரை பயமில்லை. லோஜினி அடித்தால் பந்து கடலுக்குள் போய் விழும். அவளோ தடியைக் கீழே போட்டுவிட்டு அதே இடத்தில் நிற்பாள். அவளுக்காக அவள் தம்பி பிரசாந்தன் ஓடுவான். அப்படியொரு சட்டத்தைப் பிள்ளைகளே போட்டு வைத்திருந்தார்கள். அவளைத் தங்கள் பக்கம் எடுக்க இரண்டு அணிக்கும் சண்டை வரும் என்பதால் யாரும் அந்தச் சட்டத்தை எதிர்க்கவில்லை.

பிறந்ததிலிருந்தே அவள் பருத்த பிள்ளை. அம்மா சீதேவிக்கு அதில் பெருமைதான். கருவாடு காயப்போட்டு விற்கிற வீட்டில் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பது, குறையில்லாமல் வளர்கிறாள் என்பதற்கு அத்தாட்சி. பெரியபிள்ளையானதும் கடற்கரை விளையாட்டு நின்றது. உடம்பு மட்டும் நிற்கவில்லை. நிலாவெளி வீதி பஸ்ஸில் கொண்டக்டர், "தங்கச்சிக்கு ரெண்டு ரிக்கற்றோ?" என்று கேட்பான். பஸ் சிரிக்கும். லோஜினியும் சேர்ந்து சிரிப்பாள். முதலில் தானே சிரித்துவிட்டால் மற்றவர் சிரிப்பு அவ்வளவாகச் சுடாது என்று பத்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

திருகோணமலை நகரத்தில் ஒரு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா படிக்கச் சேர்ந்தாள். முதலாம் வருடத்திலேயே மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். மண்டபத்தின் நடுவில் தராசு. நிறை பார்த்த பெண், மேசையில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவேண்டுமென்று எண்ணை உரத்துச் சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். டொக்டர் அவளுடைய கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசில இவ்வளவு பிறஷர் கூடாது, தங்கச்சி. வீட்டில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ?" என்றார்.

இருந்தது. அப்பா கதிரவேலுக்கு அந்த நீரிழிவால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்து ஒரு வருடமாகியிருந்தது. அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பார். அப்பாவின் காலைப் பார்த்த பயத்தில் அந்த வருடம் லோஜினி காலையில் நடக்கத் தொடங்கியவள்தான். பயம் ஒரு கிழமைக்குத்தான் தாக்குப்பிடித்தது.

பரிசோதனையில் நிறை கூடியவர்கள் என்று கண்ட மாணவர்களையெல்லாம் கல்லூரி ஏரோபிக்ஸ் வகுப்பில் சேர்த்தது. நடத்த வந்தவர் இராகுலன் என்ற பயிற்றுநர். விளையாட்டுப் பிரிவுக்குப் புதியவர், ஈர்க்குப் போன்ற உடம்பு. பாட்டைப் போட்டுவிட்டு அவர் முன்னால் துள்ளுவார்; பின்னால் இவர்கள் துள்ளவேண்டும். அந்த மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே கன்ரீன். பிளேன்ரீக் கோப்பையும் ரோல்ஸுமாக ஒரு கூட்டம் எப்போதும் அங்கே நிற்கும். கிழமைக்குக் கிழமை இராகுலன் எல்லோரையும் தராசில் ஏற்றிப் பார்ப்பார். முள் அசைந்த மாதிரி இருக்காது. வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

லோஜினியும் போவதை நிறுத்தியிருப்பாள். ஒருநாள் மண்டபம் திறக்க முந்தி, மைதானத்து ஓரமாகக் காத்துக்கொண்டு நின்றாள். பெண்களின் எல்லே அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. நகரத்துக்குள் திரிகிற புள்ளிமான்கள் சில பந்தைப் பற்றிய கவலையில்லாமல் புல் மேய்ந்தன. அணித்தலைவி நஸ்ரியா புல்மோட்டையைச் சேர்ந்தவள்; நீளக் கை ஜேர்சியும் தலையில் இறுக்கிக் கட்டிய முக்காடுமாக, முழு மைதானத்துக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. தடியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தாள். லோஜினியின் கை தன்பாட்டில் தடியை எடுத்தது.

"அடிச்சுப் பாக்கப் போறியா?" என்று நஸ்ரியா கேட்டாள்.

"சும்மா பாத்தனான்."

"சும்மா என்னத்துக்குப் பாக்கிற? அடி."

பந்து போட்டார்கள். லோஜினி அடித்தாள். பந்து மைதானத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, வீதிக்கு அப்பால் ஒரு வேப்பமரத்துக்குள் போய்ச் சொருகியது. மேய்ந்த மான்கள் தலையை நிமிர்த்தின. நஸ்ரியாவின் வாயிலிருந்த தண்ணீர் கழுத்தால் வழிந்தது.

"யா அல்லாஹ்! புள்ள, ஒண்ட பேரென்ன?"

அன்றைக்கே அவள் அணியில் சேர்ந்துவிட்டாள். ஓட்டத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. இப்படி அடிக்கிறவள் மெதுவாக நடந்து வந்தாலும் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மட்டக்களப்பில் நடந்த போட்டியில் அந்த நினைப்பு உடைந்தது. அவள் அடித்த பந்து எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போனது. லோஜினி ஓடினாள். முதலாவது தரிப்பிடத்தைக் கடந்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாவதைத் தொட்டபோது நெஞ்சுக்குள் யாரோ நெருப்பை அள்ளிக் கொட்டினார்கள். அங்கேயே நிற்கலாமென்று தோன்றாமல் அதையும் தாண்டினாள். பாதி வழியில் கால் மறுத்துவிட்டது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்தபடி நின்றாள். பந்தை எடுத்து வந்த மெல்லிய பிள்ளையொருத்தி எறியக்கூட இல்லை. கிட்ட வந்து, முதுகில் பந்தை மெல்லப் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தத் தடவை லோஜினிக்குச் சேர்ந்து சிரிக்க மூச்சில்லை.

யாரோ அதைப் படம் பிடித்து, லொறி ஹோர்ன் சத்தமும் சேர்த்து, ரிக்ரொக்கில் போட்டுவிட்டார்கள். சீனன்குடாவில் வேலை செய்யும் பிரசாந்தனின் போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. உடனே அக்காவுக்கு எடுத்தான்.

"அக்கா, அதைப் போட்டவன் ஆரெண்டு மட்டும் சொல்லு."

"சொன்னா என்ன செய்வாய்?"

"செய்யிறதைச் செய்வன்."

"ஒண்டும் செய்ய வேண்டாமடா. எனக்காக நீ ஓடினது போதும்."

போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு இரண்டு கிழமை மைதானத்துப் பக்கமே போகவில்லை. நஸ்ரியா எடுத்தபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது.

ஏரோபிக்ஸ் வகுப்பில் அவளோடு இருந்தவன் சிவரூபன். உயரமும் பருமனுமாகக் கதவை அடைத்துக்கொண்டு வருகிறவன், வாய் ஓயாதவன். ஒருநாள் நூலக வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் அந்த வீடியோவைப் பாத்தனான்."

"சிரிச்சீங்களோ?"

"ஓம், முதல் தரம் சிரிச்சனான்தான்" என்றான் சிவரூபன், ஒளிக்காமல். "பிறகு திருப்பிப் பாத்தனான். நீங்கள் அடிச்ச பந்து எங்க போனதெண்டு படம் பிடிச்சவனுக்கே தெரியேல்லை. கமரா மேலயும் கீழயுமா ஆகாயத்தில தேடுது. அதைக் கண்டாப் பிறகு எனக்குச் சிரிப்பு வரேல்லை."

லோஜினி நூலகப் படியில் உட்கார்ந்தாள்.

"மெலியவேணும் எண்டு எனக்குச் சொல்லாத ஆக்களே இல்லை" என்றான் அவன். "எனக்கு மெலிஞ்சு என்ன செய்யிறதெண்டே தெரியாது. உங்களுக்கு ஓடி வந்து சேர ஒரு இடம் இருக்கு. அது பெரிய விஷயம்."

அந்தக் கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். மண்டபத்தில் இருந்தது அவளும் சிவரூபனும் இன்னொருத்தியும்தான். இராகுலன் பாட்டைப் போடவில்லை. நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஒருத்தரும் வாறேல்லை? நான் கோவிக்கமாட்டன். உள்ளதைச் சொல்லுங்கோ."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிவரூபன்தான் கண்ணாடிச் சுவரைக் காட்டினான். "சேர், நாங்கள் இதுக்குள்ள மீன் தொட்டியில கிடக்கிற மாதிரி. அங்க ரீ குடிச்சுக்கொண்டு படம் பாக்கிறாங்கள்."

இராகுலன் திரும்பிப் பார்த்தார். கன்ரீன் பக்கமிருந்து இரண்டு பேர் கையசைத்தார்கள். அவ்வளவு நாளும் அந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துள்ளியவர் அவர் ஒருவர்தான்.

"தராசும் வேண்டாம், சேர்" என்று லோஜினி மெதுவாகச் சொன்னாள். "ஏறி இறங்கினா அண்டைக்கு முழுக்க மனசு சரியில்லை. அடுத்த நாள் வர மனம் வராது."

"அப்ப முன்னேறுறீங்களோ இல்லையோ எண்டு என்னண்டு பாக்கிறது?"

லோஜினிக்கு அதற்கு விடை இருந்தது. மட்டக்களப்பிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்த விடை. "மைதானத்தில எல்லேக்குக் கோடு போட்டு வைப்பம். எல்லாரும் அடிக்கட்டும், எல்லாரும் ஓடட்டும். ஏலாதவை நடக்கட்டும். மூச்சு வாங்காமல் எந்தத் தரிப்பிடம் வரைக்கும் போறம் எண்டு பாப்பம்."

இராகுலன் யோசித்தார். மேலிடத்தில் எழுதிக் கொடுத்த திட்டத்தில் எல்லே என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வெறும் மண்டபத்தைப் பார்த்துத் துள்ளவும் அவருக்கு அலுத்துவிட்டது. "சரி. நாளைக்கு விடியவே வாங்கோ. கன்ரீன் திறக்க முந்தி."

கதை பரவியது. வகுப்புக்கு வராமல் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஓடுவதற்கென்று கூப்பிட்டால் வராதவர்கள், அடிப்பதற்கென்று கூப்பிட்டபோது வந்தார்கள். அடித்துவிட்டால் பிறகு ஓடித்தானே ஆகவேண்டும். சிவரூபனுக்கு ஒரு பந்தும் படாது. தடியைச் சுழற்றித் தானே சுழன்று விழுவான். விழுந்தவன் எழும்பி, "பட்டதெண்டு வைப்பம்" என்று சொல்லிக்கொண்டு ஓடத் தொடங்குவான். சிரிப்பு அங்கேயும் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் யாரும் குனிந்து நிற்கவில்லை.

நஸ்ரியாவின் அணிப் பயிற்சிக்கும் லோஜினி திரும்பிப் போனாள். அதுவும் போதவில்லை. கல்லூரி இல்லாத நாட்களில் சல்லிக் கடற்கரையில், அலை நனைத்த இறுகிய மணலில் நடந்தாள். நடையைக் கொஞ்சம் விரைவாக்கினாள். பிறகு ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளம் வரைக்கும் ஓட்டம், அதற்கடுத்தது வரைக்கும் நடை. சீதேவிக்கு இது பிடிக்கவில்லை.

"ஆம்பிளையள் வள்ளம் இழுக்கிற இடத்தில, குமர்ப்பிள்ளை ஓடித் திரியிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"அவை வள்ளம் இழுக்கட்டுமம்மா. நான் அவையின்ர வலைக்கு மேலாலயோ ஓடுறன்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. சாப்பாட்டிலயும் கையை வைக்கிறாய். ராத்திரி ஆக்கின சோறு அப்படியே கிடக்குது. என்ர சமையல் பிடிக்காமல் போச்சோ?"

அம்மாவின் குரல் உடைந்ததைக் கேட்ட பிறகுதான் லோஜினிக்கு விளங்கியது. சோறு வேண்டாமென்று சொன்னது, அம்மாவுக்குத் தன்னையே வேண்டாமென்று சொன்ன மாதிரி இருந்திருக்கிறது. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த கதிரவேல் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "விடு, சீதேவி. எனக்கு விரல் போனாப் பிறகுதான் காலின்ர அருமை தெரிஞ்சது. அவளுக்குக் கால் முழுசா இருக்கேக்க ஓடட்டும்."

சீதேவி அவரையும் அவருடைய காலையும் பார்த்தாள். லோஜினி அம்மாவுக்குக் கிட்டப் போய் நின்று, "சோத்தைக் குறைச்சுப் போட்டு மீனைக் கூட வையுங்கோ. உங்கட மீன்கறியை ஆர் வேண்டாமெண்டது?" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுடைய தட்டில் சோறு கறியாகவும் மீன் சோறாகவும் மாறிவிட்டது.

எல்லாம் ஒரே நேராக ஏறிப் போகவில்லை. தொடைகள் உரசிப் புண்ணாகி, நடக்கவே ஏலாமல் நாலைந்து நாள் படுத்தாள். வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அவள் வராததைக் கண்டு நஸ்ரியா புல்மோட்டைக்குப் போகும் வழியில் சல்லியில் இறங்கி, வீடு தேடி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கா படுத்துக் கிடக்கிற? உள்ளுக்கு நீளமா, இறுக்கமா ஒண்டு போடு. வெசலின் பூசு. எனக்கும் தொடக்கத்தில வந்ததுதான். ஒருத்தரும் இதச் சொல்லித் தரமாட்டாங்க புள்ள, நம்மதான் நமக்குச் சொல்லணும்."

மாரி வந்து மைதானம் சேறானபோது பயிற்சி ஒரு மாதம் குழம்பியது. ஓடி ஓடிப் பழகிய மூச்சு, நின்றவுடன் பழையபடி கட்டையாகிப் போயிற்று. தை பிறந்து திரும்பத் தொடங்கிய அன்று, இரண்டாவது தரிப்பிடத்திலேயே அவளுக்கு இரைத்தது. அழுகை வந்தது. ஆனால் போனமுறை எங்கிருந்து தொடங்கினாளோ அதைவிட இது கொஞ்சம் முன்னால்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தராசு இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. உடம்பு பார்வைக்குப் பெரிதாக மெலியவும் இல்லை. இடுப்பில் பாவாடை கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். மாடிப்படியில் ஏறிக்கொண்டே கதைக்க முடிகிறது என்பதை ஒருநாள் திடீரென்று கவனித்து, கதையைப் பாதியில் மறந்துவிட்டாள்.

அடுத்த போட்டி திருகோணமலையிலேயே நடந்தது. அணியின் ஜேர்சிகள் வந்தபோது அவளுடைய அளவில் ஒன்றும் இல்லை. நஸ்ரியா தையற்காரனிடம் சண்டை பிடித்து, இரண்டு ஜேர்சியை வெட்டி ஒன்றாகத் தைப்பித்துக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் தையல் தெரிந்தது. லோஜினி அதைத்தான் போட்டுக்கொண்டு இறங்கினாள். எதிரணியில் ரிக்ரொக் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தி லொறி ஹோர்ன் மாதிரி வாயால் சத்தம் போட்டாள்.

லோஜினி முதற்பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதும் தப்பியது. கடைசிப் பந்தில் தடி பட்டது. ஆனால் அவளுடைய பழைய அடி இல்லை. பந்து தாழ்வாக, இரண்டு பேருக்கு நடுவால் உருண்டது. ஓடினாள். முதலாவது தரிப்பிடம். பந்தை இன்னும் எடுக்கவில்லை. இரண்டாவது. நெஞ்சு சுட்டது, ஆனால் கொதிக்கவில்லை. மூன்றாவதற்குப் போகலாமென்று கூட்டம் கத்தியது. சிவரூபனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது: "ஓடுங்கோ! ஓடுங்கோ!"

அவள் ஓடவில்லை. தன்னுடைய மூச்சு எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்தத் தரிப்பிடத்திலேயே காலை ஊன்றி நின்று, மூக்கால் இழுத்து வாயால் விட்டாள்.

அடுத்து அடிக்க வந்தவள் நஸ்ரியா. தடியை உயர்த்தியபடி லோஜினியை ஒருதரம் பார்த்தாள். பந்து உயர எழும்பி, கடற்பக்கமாகக் காற்றில் சரிந்தது. எங்கே விழுமென்று பார்க்க லோஜினி நிற்கவில்லை. மூன்றாவது தரிப்பிடத்தைச் சுற்றியபோது முதுகுக்குப் பின்னால் பந்து காற்றை அறுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. காதோரமாகப் போனது. படவில்லை. கடைசிக் கோட்டை அவள் தாண்டியபோது விழவுமில்லை, குனியவுமில்லை. நேராக நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு இரைத்தது. எல்லோருக்கும் இரைப்பது போல இரைத்தது.

பின்னாலேயே வந்த நஸ்ரியா அவள்மேல் வந்து மோதினாள். "வந்துட்டியே புள்ள! வந்துட்டியே!" என்று அவளைப் பிடித்துக் குலுக்கினாள்.

அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. அரையிறுதியில் தோற்று மூன்றாமிடம் கிடைத்தது. அன்று பின்னேரம் தோற்ற கவலையில் எல்லோரும் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்; லோஜினியும் சாப்பிட்டாள்.

இப்போது அவள் படிப்பை முடித்து, நகரத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். பிறஷர் இறங்கியிருக்கிறது, டொக்டர், குளிசை விழுங்கத் தேவையில்லை, மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்கிறார். இன்னும் பருத்த பெண்தான். புது ஆட்கள் அவளைக் கண்டால் இன்னும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரியில் இராகுலனின் விடியற்காலை எல்லே தொடர்ந்து நடக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு யாரோ திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். ஆனால் மண்டபத்துக்குள் இப்போது ஒருவரும் துள்ளுவதில்லை. படித்து முடித்த சிவரூபன் அங்கே நடுவராகப் போய் நிற்கிறான். அடிக்கத் தெரியாதவனுக்கு அதுவே நல்ல வேலை என்று தானே சொல்லிக்கொள்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சல்லிக் கடற்கரையில் பெண்கள் சிலர் கூடுகிறார்கள். கருவாட்டுப் பாய்களைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, கல்யாணமான பெண்களும் தடி பிடிக்கிறார்கள். போன கிழமை ஆட்டத்துக்கு நடுவில், புல்மோட்டையிலிருந்து நஸ்ரியா லோஜினிக்குப் போன் எடுத்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்.

"எங்கட பக்கத்திலயும் பொம்பிளைகளச் சேத்துட்டன். ஒங்கட ஊரோட ஒரு போட்டி வைப்பமா?"

"வைப்பம். உன்ர பக்கம் எத்தினை பேர்?"

"ஆள் ஒண்டிரண்டு குறையுது. ஒங்கிட்ட?"

"எனக்கும்தான் குறையுது" என்றாள் லோஜினி. கடற்கரையில் பாயை விரிக்க வந்த அயல்வீட்டுப் பெண்ணொருத்தி, நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோஜினி போனைக் காதில் வைத்தபடியே அவளைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"இஞ்ச வாங்கோ அக்கா. ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."